வண்டி அனுப்புவதா, பணம் அனுப்புவதா, பொறுத்திருந்து கொடுப்பதா?

ஐப்பசி பிறந்து, வானிலை அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்ற சொல் வர ஆரம்பித்தாலே எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: இந்தத் தடவை ஏதாவது ஆனால் நாம் என்ன செய்யப்போகிறோம்? வண்டி பிடித்துச் சாமான் கொண்டுபோவதா, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பிவிடுவதா, தெரிந்த தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதா, நேரே ஊர்க்காரர்கள் கையில் கொடுப்பதா. நாங்கள் இருப்பது திருச்சியில். டெல்டா எங்களுக்குக் கூப்பிடு தூரம், பாதிப் பேருக்குப் பெண் எடுத்த ஊரும் கொடுத்த ஊரும் அங்கேதான். அதனால் 'கொடுக்கலாமா வேண்டாமா' என்ற பேச்சே எங்களிடம் கிடையாது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் வருடா வருடம் சண்டை.

அந்தச் சண்டையில் என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ இதே கேள்வி வந்தால் உதவட்டும்.

முதலில் 2018. கஜா புயல் நவம்பர் 16 விடிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுக்க நாங்கள் வீடு வீடாக வசூல் செய்தோம். பணம், பிஸ்கட், பிரெட், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, போர்வை, மூட்டை மூட்டையாகப் பழைய துணி, அப்புறம் 60 தார்ப்பாய். ஞாயிறு விடிவதற்குள் ஓர் ஈச்சர் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பட்டுக்கோட்டை தாண்டி, கடற்கரைப் பக்கம் உள்ளடங்கி இருக்கும் ஒரு சின்ன ஊர். எங்கள் சங்கத்து ஆள் ஒருவரிடம் முன்பு வேலை பார்த்த தம்பி அந்த ஊர்க்காரர், அவர்தான் வரச்சொல்லியிருந்தார். 110 வீடு.

ஒரத்தநாடு தாண்டியதும் வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாக ஒரே பக்கம் தலை சாய்த்துக் கிடந்தன, வேரோடு பிடுங்கி எறியப்பட்டவை பாதி, இடுப்பில் முறிந்தவை பாதி. வழியில் மூன்று இடத்தில் எங்களை நிறுத்தினார்கள். ரோட்டின் குறுக்கே தென்னை மரத்தையே போட்டிருந்தார்கள். அவர்களை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, ஓர் அதிகாரி எட்டிப் பார்க்கவில்லை, கண் எதிரே மட்டும் சாமான் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கின்றன. நீங்களும் நானும் அங்கே இருந்தால் நாமும் மறித்திருப்போம். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் இறக்கிவிட்டு, நாங்கள் போகவேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மீதம் இருந்தது 22 தார்ப்பாய்.

அந்த ஊரில் பள்ளிக்கூட வாசலில் ஓர் அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. யார் யார் வீட்டில் நனையாமல் எவ்வளவு அரிசி மிஞ்சியதோ அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டி வெள்ளிக்கிழமையிலிருந்து ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாழை எல்லாம் விழுந்துவிட்டதால் இலைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் தண்ணீருக்குப் பதில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி வந்து நின்றதும் எல்லாரும் எழுந்து ஓடிவந்தார்கள். மேலே நின்ற எங்கள் பையன் பதற்றத்தில் தார்ப்பாயை எடுத்து எறிய ஆரம்பித்துவிட்டான். ஒரு வயதான அம்மா ஒரு தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தார், மறு ஓரத்தை ஓர் இளைஞர் பிடித்தார், இரண்டு பேரும் இழுத்ததில் கயிறு கட்டும் பித்தளை வளையம் பிய்ந்து என் காலடியில் வந்து விழுந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது, இன்னும் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை அந்தத் தம்பி போன் செய்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வர்ற வரைக்கும் எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். இப்ப கீழத்தெருக்காரங்க தனியா அடுப்பு வெச்சுட்டாங்க."

தார்ப்பாய் மேலத்தெருவுக்கே போய்விட்டது என்ற மனத்தாங்கல்தான் காரணம். நாங்கள் நிறுத்திய இடம் மேலத்தெரு முனை, அவ்வளவுதான். நல்ல மனதோடு போய், புயல் கலைக்காத ஒரு பந்தியை நாங்கள் கலைத்துவிட்டு வந்திருந்தோம்.

அதற்குப் பிறகு எந்த வழியை யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நாம் கொடுக்கும் விதம் அங்கே ஏற்கனவே இருக்கும் ஒழுங்கைத் தாங்குமா, உடைக்குமா? தொகை எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம், ரசீது உண்டா என்பதெல்லாம் அடுத்தது. பேரிடர் என்றாலே மக்கள் முண்டியடிப்பார்கள், சூறையாடுவார்கள், நாம் போய்த்தான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பேரிடர்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறு. முதல் சில நாட்களில் மக்கள் பெரும்பாலும் நிதானமாக இருக்கிறார்கள், முதலில் கைகொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். நமக்கு இதற்கு வெளிநாட்டு உதாரணமே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடும் வயலும் தண்ணீரில் நிற்கும்போதே சோறாக்கி அவர்களுக்குப் போட்டார்கள். அந்தச் சோற்றுக்கு வரிசை பிடிக்கவோ அதட்டவோ வெளியிலிருந்து ஆள் வரவில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சாமான் வண்டி. மனதுக்கு மிகவும் நிறைவு தருவது இது, மிகவும் சுலபமாகத் தவறிப்போவதும் இதுதான். எங்கள் வண்டியில் போன பொருளில் அந்த ஊருக்கு அன்று உண்மையிலேயே தேவைப்பட்டவை தார்ப்பாயும் கொசுவத்தியும் மட்டும்தான். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஜெனரேட்டர். கஜாவில் டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, உள்ளூர்ப் பகுதிகளுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, டீசல் ஊற்றி, தினம் சில மணி நேரம் மோட்டாரை ஓட்டினால் ஊருக்கே தண்ணீர். அதோடு மரம் அறுக்கும் மெஷினுக்குப் பெட்ரோல் வேண்டியிருந்தது, வழியில் கிடக்கும் மரத்தை எடுத்தால்தானே எதுவும் உள்ளே வரும். நாங்கள் வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் ஆட்களின் சாப்பாட்டுக்கும் செலவழித்ததை மட்டும் அனுப்பியிருந்தாலே பல நாள் தண்ணீருக்கு ஆகியிருக்கும். ஒரு போன் போட்டு "என்ன வேணும்?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழைய துணியைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவியல் குவியலாகத் துணி கிடந்தது, மழையில் நனைந்து நாறியது, மீட்பு வேலைக்கு நடுவே அதை அப்புறப்படுத்துவதே தனி வேலையாகப் போனது. மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் செத்துப்போன சமயத்தில், கடலோரத்தில் மானத்தோடு பிழைத்த மக்களிடம் பித்தான் இல்லாத சட்டையை நீட்டினால் அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புதுசாக ஒரு நைட்டி, ஒரு கைலி, உள்ளாடை, சானிட்டரி நாப்கின் என்று குறைவாகக் கொடுத்தாலும் போதும்.

ஆனால் சாமான் வண்டியே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் ஏறியபோது சென்னையில் பணத்தால் பயன் இல்லை. ஏடிஎம் வேலை செய்யவில்லை, போன் இல்லை, கடை தண்ணீரில் நின்றது, விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முடிச்சூரிலும் மாடியில் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது படகு, குடிதண்ணீர், குழந்தைக்குப் பால் பவுடர், சர்க்கரை நோய் மாத்திரை. மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்தார்கள், அதற்கு ஈடாக எந்த நிதியையும் சொல்ல முடியாது. ஆகவே என் கணக்கு இது: அந்த இடத்தில் மளிகைக் கடை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியிருந்தால் பொருள், திறந்துவிட்டால் பணம். கடை திறந்த பிறகும் நீங்கள் 150 கிலோமீட்டர் தாண்டி அரிசி கொண்டுபோனால் அந்தக் கடைக்காரரின் வியாபாரத்தையும் சேர்த்துக் கெடுக்கிறீர்கள், அவரும் புயலில் அடிபட்டவர்தான்.

கொண்டுபோவதென்றே முடிவானால், வீட்டுக் கணக்குக்குச் சரியாகக் கொண்டுபோங்கள். 110 வீட்டுக்கு 60 தார்ப்பாய் கொண்டுபோவதைவிட 110 பிளாஸ்டிக் வாளி கொண்டுபோவது மேல், அதைவிட ஊரைக் குறைத்துக்கொண்டு 60 வீடு உள்ள ஊராகப் பார்த்துப் போவது இன்னும் மேல். வண்டியிலிருந்து எறியவே கூடாது. பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மொத்தத்தையும் இறக்கி, கதவைச் சாத்தி, ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதி, டோக்கன் கொடுத்து, பிறகு திறக்க வேண்டும். ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் காலனி வரைக்கும் வண்டி போகவேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு புயலிலும் ரோட்டோரத்து ஊருக்கு நாலு தடவை கிடைக்கும், உள்ளே இருக்கும் தலித் குடியிருப்புக்கு ஒன்றும் போகாது. வேண்டுமென்றே செய்வது பாதி, வண்டி ஓட்டுபவருக்கு வழி தெரியாமல் போவது பாதி, பட்டினி என்னவோ ஒன்றுதான்.

அடுத்தது முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. எங்கள் குழுவில் இதைச் சொன்னால் உடனே ஒருவர் "அது எங்கே போகுமோ" என்பார். எனக்கு அந்தச் சந்தேகம் அவ்வளவு இல்லை, எனக்கு உள்ள குறை வேறு. நீங்கள் கொடுத்தது எந்த ஊருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாது, எதற்கு என்று நீங்கள் சொல்ல முடியாது, நாளைக்கே போய்ச் சேரவும் சேராது. ஆனால் யாரையும் தெரியாதவருக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்கு கொடுத்த தொகை முழுவதற்கும் வருமான வரிக் கழிவு உண்டு, தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதிதான். புதிய வரி முறைக்குப் போய்விட்டவர்களுக்கு இரண்டுமே கிடையாது, அதனால் வரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எங்கே கொடுத்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வழியே அனுப்புவதே நல்லது.

அரசாங்கம் செய்யக்கூடிய சில காரியங்களை நாம் எத்தனை வண்டி அனுப்பினாலும் செய்ய முடியாது. கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். போதாது, தென்னை வளர்த்தவர்கள் எல்லாரும் போதாது என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் டெல்டாவின் அத்தனை மரத்தையும் எண்ணி ஏதோ ஒரு தொகை கொடுக்க வேறு யாரால் முடியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களின் சில பகுதிகளிலும் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். இந்தப் பணமெல்லாம் நாம் அனுப்பும் நன்கொடையிலிருந்து மட்டும் வருவதில்லை, அரசின் பேரிடர் நிதியும் பட்ஜெட்டும் சேர்ந்தது. நான் சொல்ல வருவது அதை வாங்க நிற்கும் வரிசையைப் பற்றி. 2015 வெள்ள நிவாரணத்தை வங்கிக் கணக்கில் போட்டார்கள். வரிசையே இல்லை, நல்லதுதான், ஆனால் கணக்கில் குழப்பம் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஏழைகளுக்குத் தெரியாது. 2023-இல் நாளும் நேரமும் போட்ட டோக்கனை வீட்டிலேயே கொடுத்துவிட்டு, கடையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் டோக்கனைச் சொல்வேன். நமக்கு எப்போது, பக்கத்து வீட்டுக்கு எப்போது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் முண்டியடிக்க அவசியமே இல்லை. வேறு ஊரில் கார்டு வைத்துக்கொண்டு சென்னையில் வாடகைக்கு இருப்பவர்கள், கார்டே இல்லாதவர்கள் தனியாக மனுக்கொடுத்து அலைய வேண்டியிருந்தது. நம்மைப் போன்ற சின்னக் கூட்டங்கள் தேடிப்போக வேண்டியது இப்படி விடுபட்டவர்களைத்தான்.

தொண்டு நிறுவனங்களைப் பற்றி ஒரே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. புயலுக்கு முன்பே அந்த வட்டாரத்தில் வேலை செய்தவர்களா என்று மட்டும் பாருங்கள். ஐந்து வருடமாக அங்கே பாலர் பள்ளியோ மகளிர் குழுவோ நடத்துபவர்களுக்கு எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி இருக்கிறார் என்பது தெரியும். புயலுக்கு அடுத்த நாள் பேனரோடு வந்து இறங்குபவருக்குத் தெரியாது. சுனாமிக்குப் பிறகு இது கண்கூடாக நடந்தது. வெளியிலிருந்து வந்த அமைப்புகளுக்கு மீனவர் என்றால் படகு, படகு கொடுத்தால் புகைப்படம் நன்றாக வரும், எல்லாரும் படகே கொடுத்தார்கள். கடைசியில் பல இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட ஃபைபர் படகுகள் அதிகமாகிவிட்டன. கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களுக்கும், உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கும், காயலோரம் கையால் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களுக்கும் படகு கிடையாது என்பதால் இழப்பும் கிடையாது என்று ஆகிவிட்டது. யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் எழுதிவைக்க நாகப்பட்டினத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையமே வைக்க வேண்டிவந்தது.

கஜாவிலும் அதே கதைதான், வேறு உருவத்தில். மரத்துக்கு இழப்பீடு உண்டு, மரம் ஏறுபவருக்கு இல்லை. தோப்பு வைத்திருந்தவருக்குப் போதாத தொகையாவது வந்தது. தேங்காய் பறித்தவர், உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், லோடு ஏற்றியவர்கள், இவர்கள் பெயர் அந்த இழப்பீட்டுப் பட்டியலில் வரவில்லை. நெட்டை ரகம் மறுபடி காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அதுவரை இவர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் கொடுக்கப்போகும் நிறுவனத்திடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். உடனே பதில் சொன்னால் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைதான், அதற்கென்று பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே, டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் கணக்கில்தான் வாங்கலாம். தெரியாமல் அனுப்பிவிட்டுச் சின்ன நிறுவனங்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

நேரில் போய் வேலை செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் தொழில் இருந்தால் போங்கள். கஜாவின்போது வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள், அவர்களை ஊர் மறக்காது. தொழில் இல்லாதவர் போனால் அந்த ஊரின் ஒரு வேளைச் சோற்றை நாம் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். இணையத்தில் சுற்றும் க்யூஆர் கோடுகளுக்கு அனுப்பவே வேண்டாம், அரசு நிதியின் பெயரிலேயே போலி உலவும். அரசின் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போய் நீங்களே எண்ணைப் பார்த்து அனுப்புங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன், ஊர்க்காரர்கள் கையில் நேரே கொடுப்பது. இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன்.

கடற்கரை ஊர்களில் தலைக்கட்டு என்று ஒரு கணக்கு உண்டு, ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. ஊர்த் திருவிழாவுக்கு வரி போடுவதும் அதன்படி, ஊருக்கு வந்ததைப் பங்கு வைப்பதும் அதன்படி. சுனாமிக்குப் பிறகு பல மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் வந்த பொருளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் "ஒன்றும் இழக்காதவருக்கும் ஏன் பங்கு?" என்று கோபப்பட்டார்கள். எனக்கு அந்தச் சமப் பங்கில் பெரிய அறிவு இருப்பதாகத் தோன்றுகிறது. யார் அதிகம் இழந்தார் என்று செத்த வீட்டு வாசலில் நின்று அளந்துகொண்டிருந்தால் ஊர் இரண்டாகிவிடும். சமமாகக் கொடுத்துவிட்டால் ராத்திரி எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம், பிறகு இல்லாதவருக்கு இருப்பவர் கொடுத்துக்கொள்வார். ஆனால் ஆண் இல்லாத வீடு பல இடங்களில் முழுத் தலைக்கட்டாகக் கணக்கில் வராது. கணவனைக் கடல் கொண்டுபோன பெண் ஊர் கணக்கிலிருந்தும் விழுந்துவிடுகிறார். வேறு சாதிக்காரர் அந்தக் கணக்கில் இருக்கவே மாட்டார். ஆகவே ஊர்ப் பெரியவர்கள் கொடுக்கும் பட்டியலை மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ சத்துணவு அம்மாவிடமோ இன்னொரு பட்டியலும் கேட்டு வாங்குங்கள். முதலாவதில் இல்லாமல் இரண்டாவதில் இருக்கும் பெயர்களைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒழுங்கு, ஒற்றுமை என்று எழுதுகிறேனே, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் மறியல் நடக்காத சாலை குறைவு, புதுக்கோட்டை மாவட்டத்துக் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. எரித்தது சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் கேட்டது தண்ணீர், அது நியாயமான கேள்வி. அதிகாரியிடம் சேர்ந்து போய்ச் சத்தம் போடும் ஊர் உள்ளுக்குள் ஒற்றுமையாக இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பயப்பட வேண்டியது ஒருவரை ஒருவர் இழுக்கும் தார்ப்பாயைப் பார்த்துத்தான்.

கடைசியாக, யாரும் பேசாத வழி: பொறுத்திருந்து கொடுப்பது. 2018 வசூலில் எங்களிடம் 40,000 ரூபாய் மிஞ்சியது. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று குழுவில் திட்டு விழுந்தது. ஜனவரியில் பொங்கல் கழித்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் அதே ஊருக்குப் போனோம். டிவி வண்டிகள் இல்லை, நிவாரண வண்டிகள் இல்லை, ரோடு காலி. மகளிர் குழுப் பெண்கள் எட்டுப் பேர் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து அவர்களே பட்டியல் சொன்னார்கள். தென்னை போன ஊரில் கூரைக்குக் கீற்றை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. நர்சிங் படிக்கும் பெண்ணுக்கு ஃபீஸ் கட்ட வழியில்லை. இதற்கெல்லாம் மேலாக வாரத் தவணை. புயலுக்கு முன்பு குழுக்கடன் வாங்கியவர்கள் வீட்டு வாசலில் வசூல்காரர்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதால் புயலில் பிரியாத பெண்கள் தவணையில் பிரிந்துகொண்டிருந்தார்கள். நவம்பரில் ஈச்சர் நிறையக் கொண்டுபோனதைவிட, ஜனவரியில் அந்த 40,000 செய்த வேலை பெரிது. ஒரு தள்ளுமுள்ளு இல்லை, அவர்களே பேசி, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். கீழத்தெருப் பெண்களும் மூன்று பேர் அந்த எட்டில் இருந்தார்கள்.

ஆகவே என்னைக் கேட்டால்: அங்கே யாரையும் தெரியாது, வேலை நெருக்கடி என்றால் முதலமைச்சர் நிதிக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஒரே ஓர் ஆளைத் தெரியும் என்றால்கூட அவருக்குப் போன் போட்டு மூன்று கேளுங்கள், கடை திறந்திருக்கிறதா, யார் சமைக்கிறார்கள், எத்தனை வீடு. சமைப்பவருக்கு முதலில் பணம் அனுப்புங்கள், அரிசிக்கும் கேஸுக்கும், முடிந்தால் ஜெனரேட்டருக்கும். சங்கமாகவோ அலுவலகமாகவோ வசூல் செய்தால் மூன்றில் ஒரு பங்கு இப்போது, இரண்டு பங்கு தை மாதம் என்று வசூலிக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சந்தேகம் வரும், எங்களுக்கு வந்தது.

எங்கள் சங்கத்து நோட்டில் இப்போது நான்கு ஊர்களின் எண்கள் இருக்கின்றன, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைமை ஆசிரியர், ஒரு குழுத் தலைவி. புரட்டாசி கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு எண் மாறியிருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. போன வருடம் அந்த ஊர்க் கீழத்தெருவிலிருந்து குழுத் தலைவி பேசினார். நலம் விசாரித்துவிட்டு, "அண்ணே, உங்க நோட்டுல 110 வீடுன்னு இருக்கும், இப்ப 118. எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டு, நான் எழுதிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் போனை வைத்தார்.